ரோஸ்லினைப் பிடிக்காதவர்களுக்கும் சேர்த்து

ஞாயிற்றுக்கிழமை காலை துணி அலசிக்கொண்டிருந்தபோது ஜெனியின் போன் வந்தது. ஜெனி, ரோஸ்லினின் மகள். கையெல்லாம் சோப்பு நுரை என்பதால் என் வீட்டுக்காரர்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்தார். "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க," என்றாள். "எங்க போய்ட்டா?" என்று கேட்டேன். யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டு எங்கேயாவது கிளம்பிப் போயிருப்பாள் என்றுதான் என் புத்திக்கு முதலில் தோன்றியது. அவளைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அப்படித்தான் வரும். மறுமுனையில் அந்தப் பெண் விம்மிய பிறகுதான் எனக்கு விளங்கியது. கோயிலுக்குக் கிளம்பி, புடவை கட்டி, பைபிளைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். ஐம்பத்திரண்டு வயது. என்னைவிட நான்கு மாதம் இளையவள்.

துணியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். போகிற வழியில், எங்கள் ஷூ கம்பெனியின் மூன்றாம் லைன் பெண்கள் வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் செய்தியைப் போட்டேன். சாயங்காலம் பார்த்தேன். ஒன்பது பேர் கும்பிடும் கையை அனுப்பியிருந்தார்கள். கேன்டீனில் சாம்பார் ஊற்றிய பெரியவர் போன வருடம் இறந்தபோது இதே குழுவில் வந்த கண்ணீரில் என் போன் நின்றே போனது. ரோஸ்லினுக்கு ஒன்பது.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். அஞ்சலி எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால் ரோஸ்லின் வேறு யாரையோ சொல்கிறேன் என்று திரும்பிப் பார்ப்பாள். இருபத்து மூன்று வருடம் வாடி போடி என்று பேசியவள். அவள் என்றே எழுதுகிறேன். அவளுக்கு இல்லாத குணங்களையும் ஏற்றிச் சொல்லப் போவதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் 'அப்பர்' என்போம். அதைத் தைக்கும் மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருடம் தைத்தோம். பிறகு அவளைச் செக்கராகப் போட்டார்கள். தைத்து வரும் அப்பரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஒட்டுத்தாளை ஒட்டித் திருப்பி அனுப்புவது செக்கரின் வேலை. அம்பு ஒட்டி வந்தால் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். அவள் மேஜைக்குப் போன முதல் நாள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நம்ம ரோஸ்லின், நம்ம கஷ்டம் தெரிந்தவள், கண்டும் காணாமல் விடுவாள் என்று நினைத்தோம். மத்தியானத்துக்குள் முதல் அம்புக் கட்டு என் மெஷினுக்குத்தான் திரும்பி வந்தது. ஏழு ஜோடி.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் அழுதுகொண்டிருந்தேன். சுற்றி இருந்தவர்கள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக என்னிடம் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"நேத்து வரைக்கும் பக்கத்துல உக்காந்தவ. இன்னிக்கு எனக்கே ஒட்டி அனுப்புறியே."

"தையல் ஓரத்த வுட்டு ஓடியிருக்குது பரிமளா. ரெண்டு எடத்துல ஊசி தாண்டியிருக்குது. நான் அம்பு ஒட்டுனது தோலுக்கு. உனக்கு ஒட்டல."

"மத்தவங்களாம் இன்னா பேசுறாங்க தெரியுமா?"

"காது கேக்குது எனக்கு," என்று சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "துன்னு. பேசுறவங்க சாய்ந்தரம் வரைக்கும் பேசுவாங்க. உனக்குப் பசிக்கும்."

அன்று மாலைக்குள் அவளுக்கு 'அம்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதினேழு வருடம் அந்தப் பெயர் நிலைத்தது. அவள் கேட்கவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்து "இன்னா?" என்பாள்.

நான் அதற்கு நேர் எதிர். யாராவது ஒருத்தி காலையில் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. நான் என்ன சொன்னேன், என்ன செய்தேன் என்று தேடிக்கொண்டே இருப்பேன். லைனில் எல்லோருக்கும் நல்லவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயரை எப்படிக் காப்பாற்றினேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டேன். "இத்தினி பேருக்கு உன்னப் புடிக்கலியே, உனக்கு ஒண்ணும் பண்ணலியா?" அதற்கு முந்தின வாரம் கம்பெனிக்கு வெளியூரிலிருந்து ஆடிட்டர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு ஊர்ப் பெருமையாகப் பிரியாணி வாங்கி வைத்தார்கள்.

"ஆம்பூர் பிரியாணின்னு ரோட்ல காரை நிறுத்திட்டு நிக்குது ஜனம்," என்றாள். "அந்த ஆளு ரெண்டு வாய் துன்னுட்டு, அரிசி இத்தினூண்டு இருக்குதே, இது ஒரு பிரியாணியான்னு தள்ளி வெச்சிட்டான். பிரியாணி அழுதுச்சா? இல்ல அடுத்த நாள்ல இருந்து அரிசிய நீட்டமா ஆக்கிக்கிச்சா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இனி எழுதப்போவதை ஒன்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் கம்பெனி பஸ் ஒடுகத்தூரில் கிளம்பி, மாதனூரில் ஹைவேயில் ஏறி, ஆம்பூர் வரும். சேகர் அண்ணன்தான் டிரைவர். அவரைப் பிடிக்காதவர்கள் அந்த பஸ்ஸில் கிடையாது. ஓடி வருகிறவளைக் கண்ணாடியில் பார்த்தால் நிறுத்திக் காத்திருப்பார். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி சொன்னால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். ஆயுத பூஜைக்கு பஸ்ஸுக்கே வாழைக்கன்று கட்டி எங்கள் எல்லோருக்கும் பொரி கொடுப்பார். அந்த மனிதர் ஒரு வருடமாக ராத்திரியில் வேறு ஒருவரின் லாரியையும் ஓட்டிக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து இறங்கிய கையோடு எங்கள் பஸ்ஸில் ஏறுவார். முன் சீட்டில் உட்காரும் ரோஸ்லின்தான் அதை முதலில் பார்த்தாள். ஹைவேயில் அவர் கண் மூடுகிறது. தலை சரிகிறது. சட்டென்று நிமிர்கிறது.

இரண்டு முறை அவரிடமே சொன்னாள். முதல் முறை சிரித்து மழுப்பினார். இரண்டாவது முறை, "இருபது வருஷமா ஓட்டுறேன்மா, எனக்குத் தெரியாதா?" என்றார். மூன்றாவது முறை, பச்சகுப்பம் தாண்டி பஸ் மெல்ல மெல்லப் பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்கியது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. ரோஸ்லின் எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். பின் சீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேச்சும் பாட்டுமாக இருந்தார்கள். முன்னால் இருந்த நான்கைந்து பேர் பார்த்தோம். நானும் பார்த்தேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு வெள்ளைத்தாளோடு என்னிடம் வந்தாள். "எனக்கு கோர்வையா எழுத வராது. நீ எழுதிக் குடு," என்றாள். எழுதிக் கொடுத்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' முதல் 'இப்படிக்கு' வரை அந்தப் புகார் மனு முழுவதும் என் கையெழுத்து. அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நான் வேணாம் ரோஸ்லின்," என்றேன். "சேகர் அண்ணன் மூஞ்சில எப்டி முழிக்கிறது? எல்லாரும் என்ன இன்னா நெனைப்பாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி," என்று பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும் நாற்பத்தெட்டு பேரில் வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஒரே பெயரோடு மனு ஆபீசுக்குப் போனது. அடுத்த வாரம் சேகர் அண்ணனை நிறுத்திவிட்டார்கள்.

புது டிரைவர் சொன்ன நேரத்துக்கு எடுப்பார். ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்தமாட்டார். முதல் வாரமே ஆறு பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். எல்லாக் கோபமும் ரோஸ்லின் மேல் திரும்பியது. "ஒரு குடும்பத்தோட சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டா" என்று ஆரம்பித்தவள் வசந்தா. வசந்தா எங்கள் லைனில் மூத்தவள். அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். ரோஸ்லின் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்றாள். யாரும் உட்காரவில்லை. பஸ் நிரம்பி நின்றுகொண்டு வந்தாலும் அவள் பக்கத்து இடம் காலியாகவே வரும். எட்டு மாதம் அப்படி.

நான் எங்கே உட்கார்ந்தேன் என்று கேட்பீர்கள். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் ரோஸ்லினைத் திட்டும்போது ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனு யார் எழுத்து என்று ஒருநாள் பேச்சு வந்தது. "ஆபீஸ்ல எவனயாவது புடிச்சி எழுதியிருப்பா," என்றாள் வசந்தா. நான் வாயைத் திறக்கவில்லை. ரோஸ்லின் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என்னையும் அவள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பார்கள். கடைசிவரை அவள் சொல்லவில்லை. சேகர் அண்ணனைப் பற்றி எழுதியது என் கை. இப்போது நான் சொல்கிறேன். தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் சேகர் அண்ணனின் மனைவி பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் ரோஸ்லினை நிற்க வைத்துக் கேட்டார். கேட்கக்கூடாத வார்த்தைகளெல்லாம் கேட்டார். ரோஸ்லின் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். அந்த அம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அண்ணன் வூட்ல நல்லா தூங்குறாரா?" என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கு அது கிண்டலாகப் பட்டது. மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். ரோஸ்லின் கிண்டல் செய்யவில்லை என்பது அங்கே நின்ற எனக்கு மட்டும் தெரியும். நான் அப்போதும் சும்மாதான் நின்றேன்.

இந்த இடத்தில், பிறகு ஏதோ நடந்து ரோஸ்லின் சொன்னதுதான் சரி என்று எல்லோருக்கும் புரிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சேகர் அண்ணனுக்கு ராணிப்பேட்டைப் பக்கம் வேறு வேலை கிடைத்தது. இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். எங்கள் பஸ்ஸும் இந்த ஒன்பது வருடத்தில் எதிலும் மோதவில்லை. நடக்காத விபத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நாற்பத்தெட்டு பேரும் தினமும் வீடு போய்ச் சேர்ந்தோம், தினமும் அவளைத் திட்டினோம்.

எட்டாம் மாதம் ஒருநாள் எனக்கே என்னைப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி, வசந்தா எனக்காகக் கைப்பை போட்டு வைத்திருந்த இடத்தைத் தாண்டி, முன்னால் போய் ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் பேச்சு நின்றது. "என்ன மன்னிச்சிடு ரோஸ்லின்," என்றேன்.

"அது இருக்கட்டும். ஜன்னலோரம் உனக்கு வேணுமா?" என்றாள்.

அவள் மேல் நான் சாய்ந்து அழுதேன். மாதனூர் வரும்வரை என்னை அப்படியே சாய்ந்திருக்க விட்டாள். பிறகு, "வலிக்கலன்னு சொன்னா பொய்," என்றாள். "மொத வாரம் பாத்ரூம்ல போய்த் தாப்பா போட்டுக்கினு அழுதேன். ரெண்டாவது வாரம் பாத்தேன், ரெண்டு சீட்டும் நம்மளுது. கால நீட்டிக்கினு நல்லா தூங்கிட்டேன்."

அன்றைக்குத்தான் அவள் மாமியார் கதையையும் சொன்னாள். கல்யாணமான புதிதில் மாமியாருக்குப் பிடிக்க வேண்டும் என்று அவள் மீன் குழம்பை மாற்றி மாற்றி வைத்தாளாம். "புளி ஜாஸ்தின்னாங்க, கம்மி பண்ணேன். காரம் கம்மின்னாங்க, ஜாஸ்தி பண்ணேன். பதினோரு வருஷம். ஒரு நாளு எங்கம்மா வெக்கிற மாதிரி மாங்கா போட்டு வெச்சிட்டேன். அன்னிக்கும் மூஞ்ச சுளிச்சாங்க. ஆனா அன்னிக்கு நான் ரெண்டு தட்டு சோறு துன்னேன். எப்டி வெச்சாலும் அவங்களுக்குப் புடிக்காதுன்னா, எனக்காவது புடிக்கட்டுமே."

அவள் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை நிஷா என்று ஒரு புதுப்பெண் சேர்ந்தாள். சேர்ந்து இரண்டே வாரம். அவள் தைத்த அப்பர்களை ரோஸ்லின் மேஜை மேல் வரிசையாகப் பரப்பி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கண்ண வூட்ல வெச்சிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் என்னையும் இழுத்துக்கொண்டு பேரணாம்பட்டில் இருக்கும் நிஷா வீட்டுக்குப் போனாள். நிஷாவின் அம்மாதான் வந்தார். கதவைப் பாதி திறந்து, யாரென்று தெரிந்ததும் மூடிவிட்டார். ரோஸ்லின் மூடிய கதவைப் பார்த்து, "நான் பேசுனது தப்பும்மா. பொண்ணுகிட்ட சொல்லுங்க," என்று சத்தமாகச் சொன்னாள். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

வரும் வழியில் நான் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "வுடு. எல்லாருக்கும் நம்மளப் புடிக்கணுமான்னு நீதான சொல்லுவ," என்றேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"அது வேற, இது வேற," என்றாள். "சேகர் அண்ணன் வெசயத்துல அவங்களுக்கு என்னப் புடிக்கல. அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? இந்தப் பொண்ணுக்கு என்னப் புடிக்கல. அதுக்கு நாந்தான் காரணம். ரெண்டையும் ஒரே கணக்குல சேத்தா நான் மனுஷியே இல்ல."

அதன்பின் அவள் யாரையும் பத்துப் பேர் முன்னால் நிறுத்திக் கேட்டதில்லை. அம்பு ஒட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வசந்தா விஷயத்தையும் சொல்ல வேண்டும். நான்கு வருடம் முன்பு வசந்தாவின் ஆள்காட்டி விரலில் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. நகத்தின் வழியாக இறங்கி அடியில் நின்றது. அவள் போட்ட சத்தத்தில் லைனே எழுந்து நின்றது. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள், மீதிப் பேர் கையை இழுக்கப் பார்த்தார்கள். செக்கிங் மேஜையிலிருந்து ஓடி வந்த ரோஸ்லின், "யாரும் இழுக்காதீங்க!" என்று கத்தினாள். மோட்டாரை நிறுத்தினாள். ஒரு கையால் வசந்தாவின் மணிக்கட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெஷின் சக்கரத்தை மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே ஏற்றினாள். விரல் வெளியே வந்தது. அவளே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி முனை உள்ளே உடைந்திருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

இனிமேல் இரண்டு பேரும் ராசியாகிவிடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆகவில்லை. அடுத்த மாதம் வசந்தா மகளுக்குக் கல்யாணம். லைன் முழுக்கப் பத்திரிகை வைத்தாள். ரோஸ்லினுக்கு வைக்கவில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த பிறகும் எனக்குக் கொதித்தது. "அவ ரத்தம் உன் கைல வழிய வழியப் புடிச்சிக்கினு போனியே. நன்றி வேணாம்?" என்றேன்.

"நன்றி சொன்னாளே. ஆட்டோலயே சொல்லிட்டா," என்றாள் ரோஸ்லின். "நன்றி வேற, புடிக்கிறது வேற. ஒதவி செஞ்சா புடிச்சே ஆவணும்னா, அது ஒதவி இல்ல பரிமளா, பேஜார். எதுக்குடா இவகிட்ட மாட்டுனோம்னு ஆயிடும்." பிறகு அவள் கேட்டது இதுதான்: "கல்யாணத்துல சாப்பாடு இன்னா போட்டாங்க?"

அவளை இப்போது பார்க்க முடிகிறதா? நான் சொல்கிற ரோஸ்லின் இவள்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேன்டீனில் எங்கள் சூப்பர்வைசர் தயாளன் சார் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கம்பெனி ரோடு முனையில் வைக்க கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் கொடுத்திருந்தார். அவள் போட்டோ, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, கீழே பெரிய எழுத்தில் 'அனைவரின் அன்பையும் பெற்றவர், யார் மனமும் நோகாமல் நடந்தவர்'. அதற்குக் கீழே எங்கள் எல்லோரின் பெயர்கள்.

"இத எடுக்கணும் சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எத?"

"அந்த ரெண்டு வரி. அது அவ இல்ல."

"இன்னாம்மா பேசுற? செத்தவங்கள பத்தி நல்லதா தான போடணும்."

"இது நல்லது இல்ல சார், பொய். எட்டு மாசம் பக்கத்துல யாரும் உக்காராம வுட்டோம் நாம. இப்ப அனைவரின் அன்புன்னு போட்டா, அந்த எட்டு மாசத்த யார் பண்ணது?"

தயாளன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏற்பாடு பண்றவனுக்கு நல்லா வேணும்," என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவருக்காகப் பேசினார்கள். செத்தவளை வைத்துப் பேர் வாங்கப் பார்க்கிறேன் என்று ஒருத்தி சொன்னாள். இருபத்து மூன்று வருடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்த இடத்தில் பழைய பரிமளா என்றால், "சரி சார், உங்க இஷ்டம்" என்று உட்கார்ந்திருப்பாள். நான் உட்காரவில்லை. "அந்த வரி இருந்தா என் பேரு அதுல வேணாம்," என்றேன்.

அப்போதுதான் மூலை மேஜையிலிருந்து வசந்தா எழுந்தாள். ஊசி ஏறிய விரல் இன்னும் முழுதாக மடங்காது, அந்தக் கையால் தண்ணீர் டம்ளரைப் பிடித்திருந்தாள்.

"எனக்கு அவளப் புடிக்காது," என்றாள். "ஊருக்கே தெரியும். கடேசி வரைக்கும் புடிக்கல. அந்த மாதிரி ஒரு போர்டுல என் பேர போட்டா, பொட்டிக்குள்ள இருந்து எழுந்து வந்து அம்பு ஒட்டி அனுப்பிடுவா. பரிமளா சொல்றது சரி. எடுங்க சார்."

யாரோ சிரித்தார்கள். பிறகு வசந்தாவே அழுதாள். பிடிக்காத ஒருத்திக்காக அழ முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை பேனர் வந்தது. ரோஸ்லின் என்ற பெயரும், மூன்றாம் லைன் செக்கர் என்ற வேலையும், பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும் இருந்தன. ஜெனி வந்து பார்த்துவிட்டு, "அம்மா மாதிரியே இருக்குது ஆன்ட்டி," என்றாள். பேனரை நிறையப் பேர் நின்று படித்தார்கள். படிக்க அதிகம் இல்லாததால் போட்டோவில் இருந்த அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவளிடமிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று கடைசியில் சொல்ல வேண்டும். ஜெனி அவளுடைய ஒரு புடவையைக் கொடுத்தாள், அதைக் கட்டிக்கொள்வேன். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. அந்த மத்தியானத்துக்குப் பிறகு தயாளன் சார் என்னோடு பேசுவதில்லை. வேலையைக்கூட இன்னொருத்தி மூலமாகச் சொல்லி அனுப்புகிறார். அவருக்காகப் பேசிய இரண்டு பேரும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களிடம் போய்ச் சமாதானம் பேசலாம் என்று இரண்டு முறை எழுந்து பாதி தூரம் போய்த் திரும்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் எது தப்பு? ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக என்னைப் பிடிக்காத மூன்று பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, சேகர் அண்ணன் வீட்டையும் சேர்த்து, இன்னும் சிலர் கூடுவார்கள். கூடட்டும். ரோஸ்லின் எனக்கு விட்டுப்போன சொத்து அவர்கள்தான். ஒருவரையும் இழக்க எனக்கு விருப்பமில்லை.